சாவு வண்டி தனக்கோடியும் நீல ஆணியும்

தனக்கோடி எனக்கு அத்தை மகன். என் அப்பாவின் கூடப் பிறந்தவர்கள் நான்கு பேர். அதில் கடைசி பொன்னுருவி அத்தை. அவளுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்து மூன்று தங்கின. மூன்றில் நடுவிலவன் இவன். இவனுக்கு வாய்த்த சந்திரம்மா என் மனைவிக்குச் சித்தப்பா மகள். பெண் பார்க்கப் போனதும் நான்தான், தாலிக்குத் தங்கம் எடுக்கச் சிவாஜிநகர் போனதும் நான்தான். இரண்டு பக்கமும் எனக்கு ஒட்டு இருந்ததால் அவன் வீட்டுச் சோறும் தெரியும், அவன் வீட்டு அழுகையும் தெரியும்.

பெங்களூர் அடுகோடியில் எங்கள் சந்துக்கென்று ஒரு சாவு வண்டி இருந்தது. சந்துக்காரர்கள் சங்கத்துச் சொத்து. நான்கு பழைய ஸ்கூட்டர் சக்கரம், மேலே இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் பலகை. இஞ்சின் கிடையாது. ஆறு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டும், இரண்டு பேர் முன்னால் பிடித்து வழி காட்ட வேண்டும். மில் மூடி வேலை போன பிறகு, அந்த வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சங்கம் தனக்கோடிக்குக் கொடுத்தது. வண்டிக் கொட்டகையை ஒட்டி ஒரு அறையும் கொடுத்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அதில்தான் இருந்தார்கள். சாவு விழுந்த வீட்டார் கொடுப்பது கூலி. சாவு விழாத மாதத்தில் சந்திரம்மா நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள்.

வண்டியை வெறுமனே தள்ளிக்கொண்டு போய்விட முடியாது. பூ வளைவு வைக்க வேண்டும். முதலில் எல்லாம் மூங்கில் சிம்பை வளைத்து, சாமந்திச் சரத்தை வாழை நாரால் கட்டுவான். கட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் சாவு வீட்டு ஆம்பளைகள் குடித்துவிட்டு வந்து கத்துவார்கள். “என்னா குரு, பொணம் நாறுற வரைக்கும் பூ கட்டுவியா?” என்பார்கள். தொண்ணூற்றைந்தில் ஒரு நாள் என்னிடம் வந்தான். நான் தச்சு வேலை செய்கிறவன்.

“மச்சான், ஒட்டுப் பலகையில ஒரு வளைவு அறுத்துக் குடு. இனிமே கட்ற வேலையே வேணாம். அடிச்சிடலாம்.”

அறுத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. சிவாஜிநகருக்குப் போய், செருப்புத் தைக்கிறவர்கள் அடிக்கும் குட்டை ஆணியைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்தான். அரை அங்குல நீளம், அகலமான தலை, நீல நிறம். சாக்குத் துணியில் பூவைத் தைத்துத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, ஆணியால் டப் டப்பென்று அடித்தால் அரை மணியில் வளைவு நிறைந்துவிடும். சந்தில் எல்லாரும் மெச்சினார்கள். கன்னடக்காரர்கள் தெருவிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வீட்டை விட்டுக் கிளம்பியதும் வளைவிலிருந்து பூவைப் பிய்த்து முன்னால் தூவிக்கொண்டே போவார்கள். ஏதோ ஒரு கை, இரண்டு கை இல்லை. இடுகாட்டு வாசலில் வண்டி நிற்கும்போது வளைவில் ஒரு பூ இருக்கக்கூடாது. இருந்தால் செத்தவருக்குப் பின்னால் ஏதோ பாக்கி நிற்கிறது என்று அர்த்தம். பூவைப் பிய்க்கிறவன் சாக்குத் துணியோடு சேர்த்து இழுப்பான். இழுக்கிறவன் குடித்திருப்பான், அழுதுகொண்டிருப்பான், ஆடிக்கொண்டிருப்பான். பூவோடு என்ன வருகிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த ஆணி கீழே விழுந்தால் படுக்காது. தலை கனம். தலை தரையில் உட்கார்ந்து முனை வானத்தைப் பார்க்கும். எங்கள் சந்திலிருந்து இடுகாடு வரைக்கும் உள்ள ரோடுதான் ஓசூர் ரோட்டில் ஏறுவதற்கும் வழி. காலையில் அந்த வழியாகத்தான் எல்லாரும் வேலைக்குப் போக வேண்டும்.

இதை இப்போது எழுதும்போது எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கிறது. அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பலகை அறுத்த எனக்கே தோன்றவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் அந்த ரோட்டில் பஞ்சர் ஆகாத வண்டி இல்லை. பால்காரன் சைக்கிள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிள், ஆட்டோ, டிவிஎஸ் வண்டி எல்லாம் காற்றுப் போய் நிற்கும். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். சிலர் பழைய டயரைப் பட்டையாக அறுத்து உள்ளே வைத்தார்கள். ஒருவன் டியூபையே எடுத்துவிட்டுக் கிழிந்த டியூப் துண்டுகளைத் திணித்து ஓட்டினான். பஞ்சர் நின்றது, ஆனால் குலுக்கலில் ரிம் வளைந்து போச்சு. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் ஜூடித் எங்கள் பக்கத்து வரிசை வீடு. கம்பெனி கேட்டை மணி அடித்துச் சாத்திவிடுவார்கள். அதனால் சந்து முனையில் சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஓசூர் ரோடு வரை நடப்பாள்.

“சைக்கிள் நம்மள சொமக்கும்னு கடன் வாங்கி வாங்குனேன் பெரியப்பா. இப்ப நான் அதை சொமக்கறேன். அடுத்த ஜென்மத்துல இது ஜூடித்தா பொறக்கும், நான் சைக்கிளா பொறப்பேன்” என்பாள்.

இந்தக் காலத்தில்தான் கஸ்தூரிரங்கன் வந்தான். ஓசூர் பக்கத்து அத்திபெலே ஊர்க்காரன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், போலீஸ்காரரிடம் கன்னடம். சந்து முனையில் கரண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கைப்பம்பு. அவ்வளவுதான் கடை. அவன் மனைவி வீணா பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சமைப்பாள். பஞ்சர் பார்ப்பதில் அவனைப் போல் ஒருவனை நான் பார்த்ததில்லை. டியூபைத் தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வான். “இங்க மூச்சு விடுது” என்பான். அந்த இடத்தில்தான் குமிழி வரும்.

சாவு வண்டிக்கும் பஞ்சர் ஆகும், மற்ற வண்டியை விட அதிகமாகவே ஆகும். பிணத்தை ஏற்றிய வண்டியைத் திருப்பக்கூடாது. பிணத்தை நடு ரோட்டில் இறக்கவும் கூடாது. அதனால் காற்றுப் போன இடத்திலேயே வண்டி நிற்கும், நான்கு பேர் அந்த மூலையைத் தோளில் தாங்க வேண்டும். யாராவது ஓடிப்போய் ரங்கனைக் கூப்பிடுவார்கள். அவன் பம்பையும் பையையும் எடுத்துக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் படுத்து ஒட்டுப் போடுவான். அதற்குக் காசு வாங்க மாட்டான். “பொணத்துக்கிட்ட காசு வாங்குன கை வெளங்காதுண்ணா” என்பான்.

என் மாமனார் செத்தது தொண்ணூற்றேழு ஆடி மாதம். பாதி வழியில் பின் சக்கரம் உட்கார்ந்தது. நான் ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டு நின்றேன். மேளம் நிற்கவில்லை. என் சகலை நன்றாகக் குடித்திருந்தான். “மாமனுக்குப் போவ மனசு இல்ல. பெரிய மருமவன் இன்னும் எரநூறு ரூபா தரணும், அதான் பிரேக் போட்டுட்டாரு” என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அழுதுகொண்டிருந்த பெண்களே சிரித்துவிட்டார்கள்.

கீழே படுத்திருந்த ரங்கன் டயரிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எழுந்தான். உள்ளங்கையில் வைத்துத் தனக்கோடியிடம் நீட்டினான். நீல ஆணி. அதன் தலைக்கடியில் சாமந்தி இதழ் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க வளைவுல இருந்து விழறதுதான். ரோடு பூரா இதான் கெடக்குது. முன்ன மாதிரி நாருல கட்டுனா ஆவாதா?”

நான் கேட்கிற தூரத்தில்தான் நின்றேன்.

தனக்கோடி சுற்றிலும் பார்த்தான். “சும்னே இரு ரங்கா. மூணு மணி நேரம் எவன் கட்டுவான்? ஊர்ல ஆணியே இல்லையா? என் ஆணிதான் குத்துதா?”

“இல்லண்ணா, எங்கிட்ட வர்ற எல்லா டயர்லயும்...”

“பஞ்சர் ஆனாத்தானே உனக்குச் சோறு? அப்புறம் உனக்கு என்னா பேஜாரு?”

ரங்கன் கையை மூடினான். அந்த ஆணியைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பழக்கம் அது. பிடுங்கிய ஆணி எதையும் ரோட்டில் எறிய மாட்டான். கடையில் ஒரு பால் பவுடர் டப்பா வைத்திருந்தான். எல்லாம் அதில் போய்விடும்.

அடுத்த தை மாதம் சண்முகத்துக்கு அடிபட்டது. சண்முகம் மூன்று சக்கர வண்டியில் மண்ணெண்ணெய் பேரல் வைத்துத் தெருத்தெருவாக ஊற்றுகிறவன். நல்ல உடம்பு, நல்ல கோபம். இடுகாட்டுச் சரிவில் வண்டி இறங்கும்போது முன் சக்கரம் காற்றுப் போய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேரல் உருண்டு அவன் இடது முழங்காலின் மேல் ஏறியது. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தான். கால் மடங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி வண்டி மிதிக்க முடியாது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

அவன் கட்டையை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தே கூடி நின்றது. யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. “பஞ்சர் கடைக்காரன் ரோட்ல ஆணி போடாம யாரு போடுவான்?” என்று ஒரு குரல் வந்தது. அதற்கு முன்னும் கேலியாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் கேலி இல்லை. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். தொண்ணூற்றொன்று காவிரிக் கலாட்டாவுக்குப் பிறகு ஸ்டேஷன் வாசல் மிதிக்க எங்கள் ஆட்களுக்குப் பயம். நாமே கேட்டுக்கொள்வோம் என்று கிளம்பினார்கள். நானும் போனேன். தனக்கோடியும் வந்தான்.

ரங்கன் ஒரு சைக்கிள் டியூபை உரசிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நேராக மரப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். பால் பவுடர் டப்பா உருண்டு மூடி திறந்தது. நீல ஆணி கொட்டியது. நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம்.

“பாத்தீங்களா! டப்பா டப்பாவா வச்சிக்கிறான்!”

“ஐயோ, அது டயர்ல இருந்து புடுங்கனதுங்க! திருப்பி ரோட்டுக்குப் போவக்கூடாதுன்னு எடுத்து வச்சிக்கினேன்!”

“ஆமா, இவரு மியூசியம் வச்சிருக்காரு!”

முதல் அடி விழுந்தது. வீணா குறுக்கே வந்தாள், அவளை ஒருத்தி முடியைப் பிடித்து இழுத்தாள். ரங்கன் கூட்டத்தில் கண்ணால் தேடினான். தனக்கோடியைக் கண்டுபிடித்தான்.

“அண்ணா! தனக்கோடி அண்ணா! உங்களுக்குத் தெரியும் இல்ல? சொல்லுங்கண்ணா!”

எல்லாரும் திரும்பினார்கள். அடித்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். கட்டையை ஊன்றிய சண்முகம் தனக்கோடியைப் பார்த்தான். அவன் காலில் இன்னும் கட்டு இருந்தது.

தனக்கோடி வாயைத் திறந்தான். “எனக்கு என்னா தெரியும்?” என்றான்.

நானும் அங்கேதான் இருந்தேன். ஆடி மாதத்தில் என் காதாலேயே கேட்டவன். எனக்கும் தெரியும். என் வாயும் திறக்கவில்லை.

சண்முகம் குனிந்து டயர் கழற்றும் இரும்புப் பட்டையை எடுத்தான். இரண்டு பேர் ரங்கனின் வலது கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பிடித்தார்கள். மூன்று அடி. ரங்கன் கத்தியது தெலுங்கில். அவன் அம்மாவைக் கூப்பிட்டான்.

மறுநாள் விடிந்தபோது தகரக் கொட்டகை காலியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி மட்டும் கிடந்தது. ஆணி டப்பாவைத் தனக்கோடி பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே அவன் ஆணி அடிப்பதை விட்டான். பலகை வளைவைக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, பழையபடி மூங்கிலும் வாழை நாருமாக உட்கார்ந்தான். பகலில் மண்வாரியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய் ரோட்டைப் பெருக்கினான். கேட்டவர்களிடம் செத்தவர்களுக்குப் புண்ணியம் என்றான். ஒரு மாதம் போனது. ஒன்றரை மாதம் போனது. ரோட்டில் பஞ்சர் நின்றுவிட்டது. ஜூடித் சைக்கிளைத் தோளிலிருந்து இறக்கி, மிதித்துக்கொண்டே போனாள்.

அவன் எதிர்பார்க்காதது அதற்குப் பின்னால் வந்தது.

“பாத்தியா? அவன் போனான், பஞ்சர் போச்சு” என்றார்கள். டீக்கடையில் அதே பேச்சு, தண்ணீர்க் குழாயடியில் அதே பேச்சு. அது வரை ஒன்றிரண்டு பேருக்காவது மனசு உறுத்திக்கொண்டிருந்தது. கை உடைத்தது அதிகம் என்று பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களும் “செஞ்சவன்தான்பா” என்றார்கள். தனக்கோடி தன் தப்பைத் திருத்திய ஒவ்வொரு நாளும் ரங்கன் தலையில் அந்தத் தப்பு இன்னும் கெட்டியாக உட்கார்ந்தது.

சந்திரம்மா என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அழுதாள். “சோறு போட்டா பெசையறாரு, பெசையறாரு, அப்படியே எழுந்து போயிடறாரு அக்கா. அந்த டப்பாவத் தலமாட்டுல வச்சிக்கினு படுக்கறாரு. என்னா சீக்குன்னே தெரியல.”

சித்திரை மாதச் சங்கக் கூட்டத்தில் தனக்கோடி எழுந்து நின்றான். கணக்கு, குழாய், கோயில் எல்லாம் பேசி முடித்துக் கலையும் நேரம்.

“அந்த ஆணி என் ஆணி. வளைவுல அடிச்சது. பூவோட சேந்து விழுந்தது. ரங்கன் எங்கிட்ட முன்னாடியே சொன்னான். நான் கேக்கல. அன்னிக்கு அவன் கூப்புட்டப்போ பொய் சொன்னேன்.”

ஒருவர் இருமினார். தலைவர், “தனக்கோடி, ஒனக்கு எளகின மனசு. அவன் பெண்டாட்டி அழுதது ஒனக்குள்ள பூந்துடுச்சு. விடு” என்றார்.

“இல்லீங்க, மெய்யாத்தான் சொல்றேன்.”

சண்முகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “அப்ப என்னா சொல்ற? ஒண்ணும் பண்ணாதவன் கைய நான் ஒடச்சேன்னு சொல்றியா?”

தனக்கோடி உட்காரவில்லை.

“எங்கால் போச்சு. அவன்தான் காரணம்னு நெனச்சாத்தான் எனக்கு ராவுல கொஞ்சமாச்சும் கண்ணு மூடுது. நீ வந்து அதையும் புடுங்கிக்கினு போவாத. உக்காரு மாமா.”

கூட்டம் கலைந்தது. நான் எழுந்து ‘ஆமாம், என் காதாலேயும் கேட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வெளியே வந்து அவனிடம், “சொல்லிட்ட இல்ல, விடு” என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பொன்னுருவி அத்தையும் கோபம் வந்தால் அப்படித்தான் பார்ப்பாள், திட்ட மாட்டாள்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி சுந்தரேசன் செத்தார். எண்பது வயசு, கல்யாணச் சாவு. பெரிய குடும்பம், பூ நிறைய வந்து இறங்கியது. நான் கொட்டகைக்குப் போனபோது தனக்கோடி என் பலகை வளைவை வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருந்தான். மடியில் பால் பவுடர் டப்பா.

“என்னாடா இது?”

“நாருல கட்டுனா எனக்கு மட்டும் தெரியும் மச்சான். ஆணியில அடிச்சா எல்லாருக்கும் தெரியும்.”

“ஜனங்க காலு கையி போவும்டா!”

“வேற எப்படி நம்ப வைக்கறது, சொல்லு. நீ வந்து சாட்சி சொல்லுவியா?”

நான் நின்றேன். அவன் சுத்தியலை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு ஆணியையும் எண்ணிக்கொண்டே அடித்தான். முந்நூற்று எண்பத்து நான்கு.

வண்டி கிளம்பியது. மேஸ்திரியின் பேரன்கள் பூவை அள்ளி அள்ளி இறைத்தார்கள். தனக்கோடி வண்டிக்குப் பின்னால் தலை குனிந்து வந்தான். இடுகாட்டு வாசலில் வளைவில் ஒரு பூ இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதலில் ஜூடித்தின் சைக்கிள் உட்கார்ந்தது. அப்புறம் பால்காரன். ஒன்பது மணிக்குள் ஓசூர் ரோடு வரை பதினேழு வண்டி. இரண்டு ஆட்டோ. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி வந்த வேன் ஒன்று சாக்கடை ஓரத்தில் சாய்ந்து நின்றது. நல்ல வேளை, கவிழவில்லை. ரங்கன் இல்லை, பஞ்சர் பார்க்கவும் ஆள் இல்லை. வண்டிகளை உருட்டிக்கொண்டு எல்லாரும் சந்து முனையில் கூடிவிட்டார்கள். தனக்கோடி வளைவைத் தோளில் தூக்கி வந்து நடு ரோட்டில் போட்டான். அதில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு நீல ஆணியைப் பிடுங்கி, ஜூடித்தின் டயரிலிருந்து எடுத்த ஆணியோடு சேர்த்து உள்ளங்கையில் காட்டினான்.

“இப்ப ரங்கன் எங்க இருக்கான்? சொல்லுங்க.”

நம்பினார்கள். ஆனால் திட்டு விழுந்தது அவனுக்குத்தான். ரங்கனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூடித் மட்டும், “எனக்கு இன்னிக்கி கேட்டு சாத்திட்டாங்க மாமா. ரெண்டு வருஷமா சாத்துனதும் நீதானா?” என்று கேட்டுவிட்டு, சைக்கிளை அங்கேயே சாய்த்து வைத்து நடந்து போனாள். சண்முகம் கட்டையை ஊன்றி வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்றைக்குச் சாயந்தரமே சங்கம் கொட்டகைச் சாவியையும் அறையையும் கேட்டு வாங்கியது. தனக்கோடியும் சந்திரம்மாவும் என் வீட்டுப் பின்பக்கத்தில், நான் பலகை அடுக்கும் இடத்தில் குடிவந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் அத்திபெலேக்குப் பஸ் ஏறினோம். நான் அவனோடு போனதுதான் நான் செய்த ஒரே காரியம். விசாரித்துக் கண்டுபிடித்தோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீணா இட்லி கடை போட்டிருந்தாள். ரங்கன் பின்னால் உட்கார்ந்து இடது கையால் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். வலது கை மடியில் கிடந்தது. மூன்று விரல் நீட்டியபடியே நின்றுவிட்டன.

தனக்கோடி அவன் முன்னால் தரையில் குந்தினான். “எல்லாரும் இருக்கச்ச சொல்லிட்டேன் ரங்கா. ருசுவும் காட்டிட்டேன். இப்ப சந்துல எல்லாருக்கும் தெரியும், நீ பண்ணலன்னு.”

ரங்கன் எங்கள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். பஸ்ஸிலிருந்து வேறு யாராவது இறங்கி வருகிறார்களா என்று பார்த்த மாதிரி இருந்தது.

வீணா இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். “அடிக்க சந்து பூரா வந்துச்சு. மன்னிப்பு கேக்க ரெண்டே பேரா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரங்கன் கேட்டான்: “எப்படிண்ணா ருசு காட்டுனீங்க?”

“திருப்பி வளைவுல அடிச்சேன். மேஸ்திரி சாவுக்கு. மறுநாளு பதினேழு வண்டி உக்காந்துச்சு. அதுக்கப்புறம்தான் நம்புனாங்க.”

“ஆணி ஏது?”

தனக்கோடி தரையைப் பார்த்துச் சொன்னான். “உன் டப்பாவுல இருந்தது.”

ரங்கன் கழுவிய தட்டை மெதுவாக அடுக்கின் மேல் வைத்தான். “அது திரும்ப ரோட்டுக்குப் போவக்கூடாதுன்னுதானேண்ணா ரெண்டு வருஷமா ஒண்ணொண்ணா புடுங்கி வச்சேன்.”

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீணா இலையில் நான்கு இட்லி வைத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் தனக்கோடி சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் ஒரு ஒலிபெருக்கிக் காந்தம் வாங்கினான். அதில் கயிற்றைக் கட்டி, இடுகாட்டு ரோட்டில் இழுத்துக்கொண்டே நடந்தான். காலையில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவதற்கு முன்னால் ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை. பிள்ளைகள் ‘காந்தம், காந்தம்’ என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். தார் போட்டார்கள், தோண்டினார்கள், மறுபடி தார் போட்டார்கள். ஆணி சில தாருக்குள் போயிருக்கும், சில வேறு ஊர் டயர்களில் ஏறிப் போயிருக்கும். அகப்பட்டதை எண்ணி டப்பாவில் போடுவான். முந்நூற்று எண்பத்து நான்கு ஆகவே இல்லை.

இரண்டாயிரத்து மூன்று கார்த்திகையில் நெஞ்சு வலி வந்து என் வீட்டுப் பின்பக்கத்தில்தான் செத்தான். டப்பாவை நான் எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினொன்று இருந்தது. அத்திபெலேக்கு ஆள் அனுப்பினேன். யாரும் வரவில்லை. வருவார்கள் என்று நான் நினைக்கவும் இல்லை.

அதற்குள் சங்கம் மோட்டார் வேன் வாங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய தள்ளுவண்டியை வெளியே எடுக்கச் சொன்னேன். மூங்கில் சிம்பை நானே பிளந்து வளைத்தேன். வாழை நாரை எடுத்துக்கொண்டு கட்ட உட்கார்ந்தேன். எனக்குப் பழக்கமில்லை, நார் அறுந்து அறுந்து போனது. குடித்துவிட்டு வந்த ஒருவன், “என்னா பெரியவரே, பொழுது போற வரைக்கும் கட்டுவீங்களா?” என்றான். சண்முகம் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மடங்காத காலை நீட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தான். நாரைத் தண்ணீரில் நனைத்து, கிழித்துக் கிழித்து என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தான். மூன்று மணி நேரம் ஆனது.